கேமரா இல்லாமல் ஒரு படம்: மேன் ரே வழியில் ரேயோகிராஃப் செய்யும் முறை

ப்ரோமைடு பேப்பர் (வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும் போட்டோத் தாள்) மேல் ஒரு சாவியையும் ஒரு சீப்பையும் வைத்து விளக்கைப் போட்டு அணைத்து, டெவலப் செய்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகச் சாவியும் சீப்பும் விழும். அதுவும் போட்டோகிராம்தான், அதாவது கேமரா இல்லாமல் நேரே தாளில் பதித்த படம். ஆனால் அமெரிக்கக் கலைஞர் மேன் ரேயின் ரேயோகிராஃபை (தன் போட்டோகிராம்களுக்கு அவர் இட்ட பெயர்) உற்றுப் பார்த்தவருக்கு அது போதாது. அவர் படங்களில் ஒரே பொருளின் ஒரு விளிம்பு கூர்மையாக வெட்டி நிற்கும், மறு விளிம்பு மெல்லக் கரையும். கண்ணாடிக்குள் வெளிச்சம் வளைந்து வரிவரியாகக் கிடக்கும். ஒரு நிழலுக்குள் இன்னொரு நிழல் தெரியும். இவை பொருளைத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் வருவதில்லை. விளக்கின் அகலம், அது இருக்கும் தூரம், தாளிலிருந்து பொருள் நிற்கும் உயரம், வெளிச்சம் விழும் நேரம் ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொள்ளும்போதுதான் வருகின்றன. செய்முறை முழுக்க இந்த நான்கைச் சுற்றியே போகும்.

மேன் ரே இதற்கு எப்படி வந்தார்

இயற்பெயர் இம்மானுவேல் ராட்னிட்ஸ்கி. 1890 ஆகஸ்ட் 27 அன்று பிலடெல்ஃபியாவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். ஓவியராகத்தான் தொடங்கினார், தன் ஓவியங்களைப் பதிவு செய்யத்தான் கேமராவை எடுத்தார். இந்தப் பாடத்துக்கு முக்கியமான காலம் 1917 முதல் 1919 வரை. அப்போது அவர் ஏர்பிரஷ் கொண்டு 'ஏரோகிராஃப்' என்ற படங்களைச் செய்தார். காகிதத்தின் மேல் பொருளையோ வெட்டிய அட்டையையோ பிடித்து, சுற்றிலும் வண்ணத்தைத் தூவுவார். காகிதத்தோடு ஒட்டிப் பிடித்தால் விளிம்பு கூர்மை. சற்றுத் தூக்கினால் விளிம்பு கலையும். வண்ணத்துக்குப் பதில் வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால் அதுவே ரேயோகிராஃப். 1922-இல் திடீரென முளைத்த உத்தி என்று பலர் எழுதுவதைப் படிக்கும்போது இந்த ஏரோகிராஃபுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1921 ஜூலையில் பாரிஸ் வந்தார். உடை வடிவமைப்பாளர் பால் புவாரேக்காக எடுத்த ஃபேஷன் படங்களை ஓட்டல் அறையிலேயே இரவில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் நடந்ததை அவரே தன் சுயசரிதையில் சொல்கிறார்: வெளிச்சம் காட்டாத தாள் ஒன்று டெவலப்பர் (படத்தை எழும்பச் செய்யும் ரசாயனம்) ட்ரேக்குள் போய்விட்டது, படம் எதுவும் எழும்பவில்லை, தாள் வீணாயிற்றே என்று எண்ணியபடி, ஒரு சிறு கண்ணாடிப் புனல், அளவுக் குவளை, தெர்மாமீட்டர் மூன்றையும் நனைந்த தாளின் மேல் வைத்து விளக்கைப் போட்டார். கண் முன்னே படம் உருவானது. அதே ஓட்டலில் தங்கியிருந்த டாடா கலை இயக்கக் கவிஞர் டிரிஸ்டன் ஜாரா அவற்றைப் பார்த்துக் கொண்டாடினார். 1922-இல் 12 ரேயோகிராஃபுகள் கொண்ட 'ஷாம் டெலிஸியூ' தொகுப்பு, ஜாராவின் முன்னுரையோடு 40 பிரதிகளாக வந்தது.

முதல் ஆள் அவர் இல்லை. புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பாட் 1830-களில் இலைகளை இப்படிப் பதித்தார். அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளை நீல அச்சில் பதித்து வெளியிட்டார். கிறிஸ்டியன் ஷாட் 1919-இல் ஜெனீவாவில் கிழிந்த காகிதத் துண்டுகளைக் கொண்டு செய்தார். மோஹோய்-நாகி 1922-இலேயே பெர்லினில் தன் போட்டோகிராம்களைத் தொடங்கிவிட்டார். மேன் ரேயின் தனித்தன்மை, முப்பரிமாணப் பொருளைத் தாளின் மேல் நிறுத்தி அதன் ஊடாக வெளிச்சத்தைச் செலுத்தியதில் இருக்கிறது. டால்பாட்டும் அட்கின்ஸும் பயன்படுத்தியவை பெரும்பாலும் தட்டையான பொருள்கள்.

என்னென்ன வேண்டும்

முழு இருட்டாக்கக்கூடிய அறை. கதவிடுக்கு வெளிச்சத்தைச் சோதிக்க, இருட்டில் ஐந்து நிமிடம் நின்ற பிறகு பாருங்கள். உள்ளே வந்த உடனே பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

தாள்: பழக, பளபளப்பான மல்டிகிரேடு ஆர்.சி. (பிளாஸ்டிக் பூசிய) பேப்பர், 20×25 செ.மீ. அளவு. விரைவாகக் கழுவலாம், சுருளாது. கறுப்பின் ஆழம் பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பரில் கூடுதல்; அமைப்பு கைக்கு வந்த பிறகு அதற்குப் போகலாம்.

ஒளி: என்லார்ஜர் (நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 15 வாட் பல்பு, அல்லது முகப்பில் 5 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டை ஒட்டிய சிறு டார்ச். டார்ச்சை ஏளனமாக நினைக்க வேண்டாம். சாய்வாக வரும் நீண்ட நிழல்களுக்கு என்லார்ஜரைவிட அதுவே ஏற்றது.

மூன்று ட்ரே, மூன்று இடுக்கி, ஒரு வாளித் தண்ணீர், தெர்மாமீட்டர், நொடி காட்டும் கடிகாரம். ஒவ்வொரு ட்ரேக்கும் ஒரு லிட்டர் கரைசல். முதலில் பேப்பர் டெவலப்பர், 1+9 கலவை என்றால் 100 மி.லி. டெவலப்பர், 900 மி.லி. தண்ணீர். இரண்டாவது, டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத். கடையில் வாங்கியதை அதில் எழுதிய அளவில் கலக்கலாம், அல்லது ஒரு லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம். மூன்றாவது, படத்தை நிலைநிறுத்தும் அம்மோனியம் தயோசல்ஃபேட் வகை ரேபிட் ஃபிக்ஸர், 1+4, அதாவது 200 மி.லி.க்கு 800 மி.லி. மூன்றும் 20 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். டெவலப்பர் சூடானால் வேகம் கூடிப் புகைபோல் சாம்பல் ஏறும்; குளிர்ந்தால் கறுப்பு கறுப்பாகாமல் நின்றுவிடும்.

கையுறை போடுங்கள், டெவலப்பரில் உள்ள மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கிளப்பும். ஈரக் கையால் எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது. ஈர மேசை ஒரு பக்கம், விளக்கும் தாளும் இருக்கும் உலர்ந்த மேசை மறுபக்கம் என்று அறையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சேஃப்லைட் சோதனை

சாதாரணப் பிரிண்ட் போடும்போது தாள் சேஃப்லைட்டில் (தாளை எளிதில் கெடுக்காத மங்கலான நிற விளக்கு) ஓரிரு நிமிடம்தான் இருக்கும். போட்டோகிராமில் பொருள்களை அடுக்கி, நகர்த்தி, மீண்டும் அடுக்குவதில் பத்து நிமிடம் ஓடிவிடும். அதனால் இந்த வேலையில் சேஃப்லைட் கெடுதல் மற்றெல்லாவற்றையும்விட அதிகம் நடக்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய நிழல் அழுக்குச் சாம்பலாக வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

சோதிக்கும் விதம்: ஒரு துண்டுத் தாளுக்கு, டெவலப் செய்தால் வெளிர் சாம்பல் வரும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் காட்டுங்கள். பிறகு, நீங்கள் வேலை செய்யும் அதே மேசையில், சேஃப்லைட்டின் கீழ் அதை வைத்து, மேலே நான்கு நாணயங்களை வரிசையாக வையுங்கள். 2, 4, 8, 16 நிமிடம் ஆகும்போது ஒவ்வொரு நாணயமாக எடுங்கள். 16-ஆவது நிமிடம் கடைசி நாணயத்தை எடுத்த கையோடு டெவலப் செய்யுங்கள். எந்த நாணயத்தின் வட்டம் தெரியத் தொடங்குகிறதோ, அது மூடியிருந்த அத்தனை நிமிடம் சேஃப்லைட் பட்டாலே தாள் கெடுகிறது என்று பொருள். முன்கூட்டிச் சாம்பலாக்குவது ஏன் என்றால், வெளிச்சமே படாத தாள் கொஞ்சம் சேஃப்லைட்டைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாகவே காட்டும். ஏற்கெனவே வெளிச்சம் பட்ட தாளில்தான் கெடுதல் உடனே தெரியும். மல்டிகிரேடு தாளுக்குப் பச்சை ஒளியும் உறைக்கும். ஆகவே அந்தத் தாளுக்கென்று தயாரிப்பாளர் சொல்லும் சேஃப்லைட்டைக் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி வையுங்கள்.

அடுக்கும் நேரத்தைக் குறைக்க நல்ல வழி, 3 மி.மீ. கண்ணாடித் தகடு. வெள்ளை விளக்கிலேயே, சாதா வெள்ளைக் காகிதம் ஒன்றின் மேல் தகட்டை வைத்து, பொருள்களை அதன் மேல் அடுக்கிப் பாருங்கள். திருப்தியானதும் விளக்கை அணைத்து, தகட்டை அப்படியே தூக்கி ப்ரோமைடு பேப்பர் மேல் இறக்குங்கள். என்லார்ஜரில் லென்ஸுக்குக் கீழே திருப்பிக்கொள்ளும் சிவப்புக் கண்ணாடி இருந்தால் இன்னும் வசதி: அதை மூடிவிட்டு விளக்கைப் போட்டால், தாள் கெடாமல், நிழல் விழும் இடத்தைத் தாளின் மேலேயே பார்க்கலாம்.

கறுப்புக்கான நேரம்

என்லார்ஜர் தலையை லென்ஸ் தாளிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு ஏற்றி, அப்பெர்ச்சரை (லென்ஸ் திறப்பை) எஃப் 8-இல் வையுங்கள். நெகடிவ் தாங்கி காலியாக இருக்கட்டும். என்லார்ஜருக்குள் இருக்கும் கண்டென்சர் லென்ஸின் தூசி தாளில் புள்ளியாக விழாமல் இருக்க ஃபோகஸைச் சற்றுக் கலைத்துவிடுங்கள்.

ஒரு துண்டுத் தாளை ஐந்து பட்டையாக நினைத்துக்கொண்டு, அட்டையால் மூடியபடி படிப்படியாக 1, 2, 4, 8, 16 நொடி காட்டுங்கள். முழுதாக டெவலப் செய்து, கழுவி, உலர்ந்த பின் வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்துப் பட்டையோடு வித்தியாசம் தெரியாமல் போகும் முதல் பட்டை எதுவோ, அதுவே உங்கள் கறுப்பு நேரம். 8-க்கும் 16-க்கும் வித்தியாசம் இல்லை, 4-க்கும் 8-க்கும் இருக்கிறது என்றால் 8 நொடி. தூரம், அப்பெர்ச்சர், தாள் எதை மாற்றினாலும் இந்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். தூரத்துக்கு ஒரு கணக்கு கை கொடுக்கும்: விளக்கை இருமடங்கு தூரம் தள்ளினால் நேரம் நான்கு மடங்கு.

இந்த எண்ணில் அவசரம் காட்டுபவர்களுக்கு, பின்னணி கரும்சாம்பலாகவே நின்றுவிடும். ட்ரேக்குள் சேஃப்லைட்டில் பார்க்கும்போது அது நல்ல கறுப்பாகத்தான் தெரியும், கண் ஏமாற்றும்.

விளிம்பு

இதுதான் செய்முறையின் இதயப் பகுதி. விளிம்பின் மங்கலை ஒரு எளிய கணக்கால் முன்கூட்டியே சொல்லிவிடலாம்:

மங்கலின் அகலம் = விளக்கின் விட்டம் × (தாளிலிருந்து பொருளின் உயரம் ÷ விளக்கிலிருந்து பொருளின் தூரம்)

என்லார்ஜரில் 'விளக்கின் விட்டம்' என்பது லென்ஸ் திறப்பின் விட்டம். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் சுமார் 6 மி.மீ. லென்ஸ் 60 செ.மீ. மேலே, பொருள் தாளிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் என்றால் மங்கல் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கூர்மை என்றே சொல்லலாம். அதே அமைப்பில் எஃப் 2.8-க்குத் திறந்தால் ஒன்றரை மில்லிமீட்டர். என்லார்ஜருக்குப் பதில் அதே உயரத்தில் 60 மி.மீ. அகலமுள்ள பால்வண்ணப் பல்பைத் தொங்கவிட்டால் ஐந்தரை மில்லிமீட்டர். விளிம்பு முழுதாகக் கரைந்துவிடும். கண்ணாடித் தகட்டின் 3 மி.மீ. தடிமன் என்லார்ஜருக்கு ஒரு பொருட்டே இல்லை. பல்புக்கு மெல்லிய மங்கலாகத் தெரியத் தொடங்கும்.

ஆகவே ஒரே படத்தில் கூர்மையும் கரைதலும் வேண்டுமானால், அகன்ற விளக்கைத் தேர்ந்தெடுத்து, பொருள்களின் உயரத்தை மாற்றுங்கள். தாளைத் தொடும் பகுதி எந்த விளக்கிலும் கூர்மையாகவே விழும். சுருள் கம்பி ஒன்றைச் சாய்த்து நிறுத்தினால், தாளைத் தொடும் வளையம் கூர்மையாகவும் அடுத்தடுத்த வளையங்கள் படிப்படியாகக் கலைந்தும் வரும். தட்டையான தாளில் ஆழம் பிறப்பது இங்கேதான். பொருளை அந்தரத்தில் நிறுத்த, தாளின் எல்லைக்கு வெளியே இரு மரக்கட்டைகளை வைத்து, மேலே கண்ணாடித் தகட்டைப் பாலமாகப் போடலாம். தகட்டின் வெட்டு விளிம்பு தாளுக்குள் நிழல் விழாதபடி, தாளைவிடப் பெரிய தகடாக இருக்க வேண்டும்.

பொருள் உயர்ந்தால் நிழல் பெரிதாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். விளக்கு 60 செ.மீ.யில், பொருள் 20 செ.மீ. உயரத்தில் என்றால் நிழல் ஒன்றரை மடங்கு.

கண்ணாடியும் வலையும் இறகும்

ஒளிபுகாப் பொருளுக்குக் கறுப்பு நேரமே போதும்; அதற்கு மேல் கொடுத்தால் விளிம்பைத் தாண்டி வெளிச்சம் உள்ளே ஊர்ந்து நிழலை மெலிதாக்கும். ஒளி ஊடுருவும் பொருள்கள் வேறு விதம். பின்னணி தன் உச்சக் கறுப்பை அடைந்த பின் அதற்கு எத்தனை நேரம் கொடுத்தாலும் மேலும் கறுக்காது. ஆனால் பொருளுக்குள் வெளிச்சம் ஏறிக்கொண்டே போகும். கறுப்பு நேரம் 8 நொடி என்றால், அதே அமைப்பை 8, 16, 32, 64 நொடிகளில் நான்கு தாள்களில் எடுத்துப் பாருங்கள். 8-இல் வெறும் வெள்ளைக் கூடாக இருந்த இறகு, 16-இல் நரம்பு காட்டும், 32-இல் ஒவ்வொரு இழையும் பிரியும், 64-இல் தண்டு மட்டும் மிஞ்சும். இந்த ஒரு பயிற்சியில் கற்பது, பத்துப் புதுப் பொருள்களைத் தேடி அலைவதில் கிடைக்காது.

கண்ணாடி லென்ஸாக வேலை செய்கிறது. குவளையின் தடித்த அடிப்பாகம் வெளிச்சத்தை வளையமாகக் குவிக்கும், சுவர் அதை மறித்து வெள்ளைக் கோடாகும். குவளையை நிமிர்த்தி, சாய்த்து, கவிழ்த்து மூன்று விதமும் பாருங்கள். சிறிய விளக்கில்தான் இந்த வரிகள் பிரியும், பால்வண்ணப் பல்பில் கூழாகிவிடும். மேன் ரேயின் முதல் படத்தில் புனலும் குவளையும் இருந்தது நல்வாய்ப்பு. இருட்டறையில் கைக்கெட்டும் பொருள்களில் வெளிச்சத்தை வளைக்கக்கூடியவை அவைதான்.

வலைத்துணியை இரண்டு மடிப்பாக, சற்றே திருப்பிப் போட்டால் அலையலையாக மூன்றாவது ஒரு வடிவம் எழும். பளபளப்பான உலோகம் பக்கவாட்டில் வெளிச்சத்தைத் தெறித்து, பக்கத்து நிழலுக்குள் சாம்பல் பட்டை போடும். வேண்டாம் என்றால் தாள் படாத பக்கங்களில் கறுப்பு டேப் ஒட்டுங்கள். வேண்டும் என்றால் அதையே தூரிகையாகப் பயன்படுத்துங்கள்.

இரண்டு, மூன்று எக்ஸ்போஷர்

1922-இல் செய்த ரேயோகிராஃப் ஒன்றில் இரண்டு கைகள், முத்தமிடும் இரண்டு முகங்கள், டெவலப்பர் ட்ரேக்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி நிற்கின்றன. முகங்கள் மேன் ரேயுடையதும், அவருடைய மாடலும் காதலியுமான மோன்பர்னாஸின் கிகியுடையதும். இதை ஒரே முறை விளக்கைப் போட்டுச் செய்ய முடியாது. ஒன்றின் நிழலைப் பதித்து, அதை எடுத்துவிட்டு, அடுத்ததை வைத்து மீண்டும் பதிக்க வேண்டும்.

கறுப்பு நேரம் 8 நொடி என்று கொள்வோம். முதல் அடுக்குக்கு 3 நொடி, பொருளை மாற்றி 3 நொடி, மறுபடி மாற்றி 2 நொடி. மூன்றிலும் மறைந்திருந்த இடம் வெள்ளை. எதிலும் மறையாத இடம் கறுப்பு. ஒன்றில் மட்டும் மறைந்தது கரும்சாம்பல். இரண்டில் மறைந்தது வெளிர் சாம்பல். இடையில் தாள் அசையக் கூடாது. மூலைகளைப் பசை குறைந்த டேப்பால் பலகையோடு ஒட்டிவிடுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது கிரேடில், அதாவது மல்டிகிரேடு தாளில் ஃபில்டரால் தேர்ந்தெடுக்கும் கான்ட்ராஸ்ட் எண்ணில். கிரேடு 2-இல் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே சுமார் 12 மடங்கு வெளிச்ச இடைவெளி உண்டு. அதனால் 2 நொடி பட்ட இடமும் 5 நொடி பட்ட இடமும் வெவ்வேறு சாம்பலாகப் பிரியும். கிரேடு 5-இல் அந்த இடைவெளி சுமார் 3 மடங்குதான்: 8 நொடியில் கறுக்கும் தாளில், 2 நொடி பட்ட இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். ஆகவே அடுக்கு நிழல்களுக்கும் இறகு, வலை, கண்ணாடிக்கும் கிரேடு 1 அல்லது 2. வெட்டிவைத்த மாதிரி கறுப்பு-வெள்ளைக்கு 4 அல்லது 5. கிரேடு 4, 5 ஃபில்டர்கள் பெரும்பாலும் இருமடங்கு நேரம் கேட்கும். ஃபில்டரை மாற்றினால் கறுப்பு நேரத்தையும் புதிதாகக் கண்டுபிடியுங்கள்.

கையைப் பதிப்பதாக இருந்தால் உலர்ந்த, சுத்தமான கை வேண்டும். டெவலப்பர் பட்ட விரல் தாளைத் தொட்டால் கறுப்புக் கைரேகை. ஃபிக்ஸர் பட்ட விரல் என்றால் வெள்ளைக் கைரேகை. இரண்டும் பிறகு போகாது.

ஈரத் தாள் முறை

அந்த முதல் இரவின் வழி இது. இன்றும் அழகாக வேலை செய்கிறது, ஆனால் பொருள் கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் மட்டும். டெவலப்பரை 1+19 ஆக மெலிதாக்கி, தாள் மூழ்கும் அளவுக்குச் சுமார் 5 மி.மீ. ஆழம் மட்டும் ஊற்றுங்கள். தாளை ஒரு நிமிடம் ஊறவிட்டு, ட்ரேயை அசைக்காமல் பொருள்களை மெதுவாக இறக்குங்கள். அலை அடங்கப் பத்து நொடி விட்டு, விளக்கை ஒரு கணம் போட்டு அணையுங்கள். படம் எழும்பத் தொடங்கியதும் பொருள்களை நேராக மேலே தூக்கி எடுத்து, கறுப்பு நிறையும் வரை விட்டு, ஸ்டாப் பாத்துக்கு மாற்றுங்கள்.

பொருளைச் சுற்றித் தண்ணீர் ஏறி நிற்கும் வளைவும் வெளிச்சத்தை வளைக்கும். அதனால் உலர் முறையில் கிடைக்காத இரட்டைக் கோடு விளிம்பில் விழும். அடியில் சிக்கும் காற்றுக்குமிழி வட்டமாகப் பதியும். பொருளைச் சாய்வாக இறக்கினால் குமிழி தப்பிவிடும். துருப்பிடிக்கும் இரும்பும் செம்பும் டெவலப்பரைக் கெடுக்கும். சாயம் போட்ட துணி கறை விடும். விளக்கு ட்ரேக்கு மேலே தளர்வாகத் தொங்கக் கூடாது. சுவரிலோ கூரையிலோ உறுதியாகப் பொருத்தியிருக்க வேண்டும், ஸ்விட்ச் உலர்ந்த பக்கத்தில்.

டெவலப், ஃபிக்ஸ், கழுவுதல்

ஆர்.சி. தாளுக்கு டெவலப்பரில் முழு 60 நொடி, ட்ரேயை மெல்ல ஆட்டிக்கொண்டே. கறுப்பு வேகமாக எழுவதைப் பார்த்து 30 நொடியில் எடுப்பது பெரிய தவறு. திட்டுத்திட்டாக, பழுப்பேறிய கறுப்புதான் வரும். அதிகக் கறுப்பு என்றால் குறைக்க வேண்டியது வெளிச்சத்தைத்தான். சொட்டவிட்டு ஸ்டாப் பாத்தில் 10 நொடி, ஃபிக்ஸரில் 30 நொடி முதல் ஒரு நிமிடம், ஓடும் தண்ணீரில் 2 நிமிடம். ஆர்.சி. தாளை வெகுநேரம் தண்ணீரில் விட்டால் ஓரங்களில் தண்ணீர் ஏறி உப்பிப் பிரியும்.

ஃபைபர் தாளுக்கு டெவலப்பர் 2 நிமிடம், புது ஃபிக்ஸர் 1 நிமிடம், ஓடும் தண்ணீர் 5 நிமிடம், 2 சதவீத சோடியம் சல்ஃபைட் கரைசலில் 10 நிமிடம், பிறகு மீண்டும் ஓடும் தண்ணீர் குறைந்தது 5 நிமிடம். சல்ஃபைட் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் கழுவ வேண்டும். மிஞ்சிய ஃபிக்ஸர் மெல்ல மஞ்சளாக்கும். போதாத ஃபிக்ஸிங்கால் வெள்ளைப் பகுதிகள் வெளிச்சத்தில் பழுத்துப் போகும். போட்டோகிராமில் வெள்ளைதான் உருவம் என்பதால், இந்தக் கறை சாதாரணப் படத்தைவிட இங்கே கொடூரமாகத் தெரியும்.

வெளிச்சத்தை நடுவில் புகுத்துதல்

1929-இல் அமெரிக்க மாடல் லீ மில்லர் மேன் ரேயின் ஸ்டுடியோவுக்கு வந்தார். இருட்டறையில் காலின் மேல் ஏதோ ஊர்ந்ததும் மில்லர் விளக்கைப் போட, டெவலப் ஆகிக்கொண்டிருந்த நெகடிவ்களில் உருவத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்தது. இருவரும் சேர்ந்து அதை ஓர் உத்தியாக வளர்த்தார்கள். சோலரைசேஷன் என்று பெயர் நிலைத்துவிட்டாலும், 1860-களில் பிரான்ஸின் சபாட்டியே விவரித்த விளைவுதான் இது. அவர்கள் பெரும்பாலும் நெகடிவில் செய்தார்கள். நாம் போட்டோகிராம் தாளிலேயே செய்யலாம்.

கிரேடு 4 அல்லது 5 தாள். கறுப்பு நேரத்தில் பாதி அளவே வெளிச்சம் கொடுங்கள். 1+19 டெவலப்பரில் 30 நொடி ஆட்டி, பிறகு ஆட்டுவதை நிறுத்தித் தாள் தட்டில் அடங்கும் வரை 10 நொடி விடுங்கள். 1.2 மீட்டர் மேலே இருக்கும் 15 வாட் பல்பை ஒரு நொடி போட்டு அணையுங்கள். அதன் பின் ஆட்டக் கூடாது. 60 நொடியில் நிழல் சாம்பலாகித் திரும்பும், விளிம்பில் மெல்லிய வெளிர்க்கோடு நிற்கும். கறுத்த இடத்தில் சேரும் புரோமைடு பக்கத்து இடத்தின் டெவலப்மென்ட்டைத் தடுப்பதால் பிறப்பது அந்தக் கோடு. ட்ரேயை ஆட்டினால் அது கலைந்துவிடும்.

படம் முழுதும் கறுத்தால் இரண்டாவது வெளிச்சம் கூடுதல். பல்பைத் தள்ளிப் போடுங்கள். எல்லாம் ஒரே சேற்றுச் சாம்பல் என்றால் கிரேடு போதவில்லை. வரிவரியாக வந்தால் தண்ணீர் அடங்கும் முன் விளக்கைப் போட்டுவிட்டீர்கள். ஒரே அளவை இருமுறை செய்தாலும் இரண்டும் அச்சாக ஒன்றாக வராது. ஒரு அமைப்புக்கு ஐந்து தாளாவது ஒதுக்குங்கள்.

ஒற்றைப் படத்திலிருந்து பிரதி

நெகடிவ் இல்லாததால் ரேயோகிராஃப் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். 'ஷாம் டெலிஸியூ'வின் 40 பிரதிகளுக்காக மேன் ரே மூலப் படங்களைக் கேமராவால் எடுத்து, அந்த நெகடிவிலிருந்து அச்சிட்டார். அதே வழி இன்றும் சிறந்தது: இரு பக்கமும் 45 டிகிரியில் சம வெளிச்சம், நடுவில் நேராகக் கேமரா.

கேமராவைத் தொடவே கூடாது என்றால் கான்டாக்ட் பிரிண்ட். உலர்ந்த போட்டோகிராமின் முகத்தைப் புதுத் தாளின் முகத்தோடு சேர்த்து, மேலே தடித்த கண்ணாடியால் அழுத்தி, முதுகு வழியாக வெளிச்சம் செலுத்த வேண்டும். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும், இடம் வலமாகும். தாளின் முதுகைக் கடக்க வேண்டியிருப்பதால் நேரம் பல மடங்கு கூடும். 8, 16, 32, 64 நொடிச் சோதனைத் துண்டோடு தொடங்குங்கள். முதுகில் தயாரிப்பாளர் பெயர் அச்சிட்ட தாள் என்றால் அந்த எழுத்தும் பதியும்.

ஒவ்வொரு தாளின் முதுகிலும், வெளிச்சம் காட்டும் முன்பே, மென் பென்சிலால் தூரம், அப்பெர்ச்சர், கிரேடு, நொடிகள், பொருள்களின் உயரம் ஆகியவற்றை எழுதுங்கள், ஆர்.சி. தாளின் முதுகில் பென்சில் பிடிக்காவிட்டால் அழியாத மார்க்கர். ஈரமான பின் எழுதினால் முன்பக்கம் அழுந்திய கோடாகத் தெரியும். பயன்படுத்தி முடித்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். சாக்கடையில் ஊற்றாமல் மூடிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, போட்டோ ரசாயனக் கழிவை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.